மதுரையில் உட்கார்ந்து சூரியப்புள்ளியின் காந்தப்புலத்தை அளப்பது: தளவிளைவு நிறமாலைக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

சூரியப்புள்ளியின் காந்தப்புலத்தை அளக்கச் சொந்தமாகத் தொலைநோக்கி தேவையில்லை. 8 ஜிபி ராம் உள்ள ஒரு லேப்டாப், இலவசமாகக் கிடைக்கும் விண்கலத் தரவு, இலவச மென்பொருள், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். மதுரைக் கல்லூரிகளில் எம்எஸ்சி இயற்பியல் படித்துக்கொண்டு, புராஜெக்டுக்குச் சூரியனை எடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பைத்தானில் ஒரு ஃபைலைத் திறந்து வரைபடம் போடத் தெரிந்தால் இதைப் பின்பற்றலாம். வானியல் முன்பே படித்திருக்க வேண்டிய கட்டாயமில்லை.

ஒன்றை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் இன்வெர்ஷன் மென்பொருள் என்று ஒரு வகை உண்டு. நிறமாலையை உள்ளே கொடுத்தால் காந்தப்புலத்தின் வலிமை, சாய்வு, திசை எல்லாம் எண்ணாக வெளியே வரும். புதிதாக வருபவர்கள் நேரே அதைத்தான் தேடிப் போகிறார்கள். முதல் வாரம் அதைத் தொடாதீர்கள். எந்தக் குப்பையைக் கொடுத்தாலும் அது ஏதோ ஓர் எண்ணைத் தரும். அந்த எண்ணை நம்பலாமா வேண்டாமா என்று சொல்லக் கண் பழகியிருக்க வேண்டும். கண் பழகுவதற்கான வழிதான் கீழே வருவதில் பெரும்பகுதி.

எதைப் பார்க்கப் போகிறோம்

சூரிய ஒளியைப் பிரித்தால் வரும் உட்கவர் கோடுகள் காந்தப்புலத்தில் பிளவுபடும். இந்த விளைவை இயற்பியலாளர் சீமன் 1896-இல் ஆய்வகத்தில் கண்டார். 1908-இல் ஜார்ஜ் எல்லரி ஹேல் அதையே சூரியப்புள்ளிகளின் ஒளியில் கண்டு, அங்கே வலுவான காந்தப்புலம் இருப்பதை நிறுவினார். பிளவுபட்ட பகுதிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாகத் தளவிளைவு (போலரைசேஷன், அதாவது ஒளி அலை அதிரும் திசை ஒழுங்குபடுவது) அடைந்திருக்கும். அந்தத் தளவிளைவை நான்கு எண்களால் குறிக்கும் முறையை ஸ்டோக்ஸ் 1852-இலேயே கொடுத்துவிட்டார்.

ஐ என்பது மொத்த ஒளிச்செறிவு. க்யூ என்பது 0 பாகை, 90 பாகைத் தளங்களில் வரும் ஒளியின் வேறுபாடு. யூ அதுபோலவே 45-க்கும் 135-க்கும் இடையிலான வேறுபாடு. வி என்பது வலச்சுழி, இடச்சுழி வட்டத் தளவிளைவுகளின் வேறுபாடு. காந்தப்புலம் நம்மை நோக்கியோ நம்மை விட்டு விலகியோ இருந்தால் வி-யில் தெரியும். பார்வைக்குக் குறுக்கே படுத்திருந்தால் க்யூவிலும் யூவிலும் தெரியும். இப்போதைக்கு இவ்வளவு கோட்பாடு போதும்.

தொடங்குவதற்கு ஏற்ற தரவு ஜப்பானின் ஹினோடே விண்கலத்துடையது. 2006 செப்டம்பரில் ஏவப்பட்ட இதில் இருக்கும் நிறமாலைத் தளவிளைவுமானி இரண்டு இரும்புக் கோடுகளை மட்டும் பார்க்கிறது: 6301.5 ஆங்ஸ்ட்ராம், 6302.5 ஆங்ஸ்ட்ராம். வளிமண்டலத்துக்கு மேலே இருப்பதால் படம் அலையாடாது, மேகம் மறைக்காது. புதியவர் ஒருவருக்கு இதைவிடச் சுத்தமான தரவு கிடைப்பது கஷ்டம்.

மென்பொருள்

மூன்றே மூன்று. முதலாவது டிஎஸ்9. வானியல் தரவு சேமிக்கப்படும் ஃபிட்ஸ் வகை ஃபைலைத் திறந்து பார்க்கும் நிரல் இது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். இரண்டாவது பைத்தான், அதோடு நம்பை, மேட்ப்ளாட்லிப், ஆஸ்ட்ரோபை என்ற அதன் நூலகங்கள். மூன்றாவது ஜூபிட்டர் நோட்புக். பைத்தானுக்குத் தனிச்சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் இவற்றை இன்ஸ்டால் செய்யுங்கள். வேறொரு பாடத்துக்காகப் பிறகு எதையாவது போட்டு இதைக் கெடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

சோலார்சாஃப்ட் என்ற சூரியத் தரவு மென்பொருள் தொகுப்பின் பெயரை எல்லாக் கட்டுரைகளிலும் பார்ப்பீர்கள். அது இலவசம்தான், ஆனால் அது ஓட வேண்டிய ஐடிஎல் மொழிக்கு உரிமம் வாங்க வேண்டும். கிரிஸ்பெக்ஸ் என்ற அருமையான நிறமாலைப் பார்வை நிரலும் ஐடிஎல் வழி வந்ததே. உங்கள் துறையில் உரிமம் இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் கவலை வேண்டாம், இங்கே சொல்லும் எதற்கும் அது தேவைப்படாது.

தரவை இறக்குதல்

ஹினோடே தரவு மூன்று நிலைகளில் கிடைக்கும். நிலை 0 என்பது கருவியிலிருந்து வந்த கச்சா எண்கள். நிலை 1-இல் கருவியின் குறைகள் திருத்தப்பட்டு நான்கு ஸ்டோக்ஸ் அளவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நிலை 2 என்பது இன்வெர்ஷன் முடிந்து வந்த காந்தப்புல வரைபடம். அமெரிக்காவின் பௌல்டரில் உள்ள ஹை ஆல்டிட்யூட் அப்சர்வேட்டரியின் தளத்தில் தேதி வாரியாக நிலை 1-உம் நிலை 2-உம் இருக்கின்றன. இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். நிலை 2-ஐ மட்டும் வேறு ஃபோல்டரில் போட்டுவிட்டு, கடைசி வரை திறக்காதீர்கள். அது விடைத்தாள்.

எந்தத் தேதி? 2006 டிசம்பர் 13-ஐப் பரிந்துரைப்பேன். அன்று ஏஆர் 10930 என்ற செயல்மிகு பகுதியில் (ஏஆர் என்பது ஆக்டிவ் ரீஜன்) எக்ஸ்3.4 அளவுள்ள பெரிய சூரியச்சுடர் வெடித்தது. அதற்கு முன்னும் பின்னும் ஹினோடே அந்த இடத்தை வருடியிருக்கிறது. எதிரெதிர்த் துருவம் கொண்ட இரண்டு சூரியப்புள்ளிகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதால், பார்க்க வேண்டிய எல்லாமே ஒரே தரவில் கிடைத்துவிடும்.

கருவியில் ஒளி நுழைய ஒரு மெல்லிய பிளவு (ஸ்லிட்) இருக்கிறது. சூரியன் மேல் அந்தப் பிளவு நின்று, ஒரு நிறமாலை எடுத்து, கொஞ்சம் நகர்ந்து, அடுத்ததை எடுக்கும். ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு ஃபைல். ஒரு வருடலுக்குப் பல நூறு, சில சமயம் ஆயிரத்துக்கும் மேல் ஃபைல் வரும். ஒவ்வொன்றும் 1 எம்பி-க்கு உட்பட்டதுதான் என்றாலும் சேர்த்தால் கணிசமாகிவிடும். விடுதியில் மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி இறக்குபவர்கள் முழுவதையும் ஒரே மூச்சில் எடுக்க முயல வேண்டாம். பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும் இறக்கு நிரல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும், எல்லா ஃபைல்களின் அளவும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். அளவு குறைந்த ஃபைல் பாதியில் அறுந்தது. அதை மட்டும் மறுபடி எடுத்தால் போதும்.

முதல் ஃபைலைத் திறப்பது

ஃபோல்டரின் நடுவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து டிஎஸ்9-இல் திறவுங்கள். நடுவில் எடுத்தால் பிளவு சூரியப்புள்ளியின் மேல் விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். திரையில் ஒரு செவ்வகம் வரும். கிடைத்திசையில் அலைநீளம், நிலைத்திசையில் பிளவின் நீளம். மேலிருந்து கீழாக இரண்டு கருங்கோடுகள் ஓடும். அவைதான் 6301.5-உம் 6302.5-உம். கூடவே ஒரு சிறு ஸ்லைடர் பெட்டியும் திறக்கும். அதில் 1, 2, 3, 4 என்று நகர்த்தினால் ஐ, க்யூ, யூ, வி வரிசையாக வரும்.

4-ஆவதற்குப் போய் நிறுத்துங்கள். அமைதியான பகுதியில் சாம்பல் நிறம். சூரியப்புள்ளி இருக்கும் உயரத்தில் மட்டும் ஒவ்வொரு கோட்டின் இடத்திலும் ஒரு வெள்ளைப் பட்டையும் ஒரு கறுப்புப் பட்டையும் ஒட்டி நிற்கும். இன்னொரு சூரியப்புள்ளியைப் பிளவு தொட்டிருந்தால் அங்கே வெள்ளையும் கறுப்பும் இடம் மாறியிருக்கும். ஒன்று வட துருவம், மற்றது தென் துருவம். ஒரு வரி நிரல்கூட எழுதாமல் சூரியனின் காந்தத் துருவங்களைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள். இந்த இடத்தில் கொஞ்ச நேரம் செலவழியுங்கள். அடுத்தடுத்த ஃபைல்களைத் திறந்து, பட்டை எங்கே அகலமாகிறது, எங்கே மறைகிறது என்று பார்த்துக்கொண்டே போங்கள்.

இப்போது பைத்தானுக்கு வருவோம். ஆஸ்ட்ரோபையின் ஃபிட்ஸ் பகுதியை வைத்து அதே ஃபைலைத் திறந்து, அரேயின் வடிவத்தை அச்சிடுங்கள். முதலில் 4, பிறகு பிளவின் பிக்சல் எண்ணிக்கை, கடைசியில் 112 என்று வரும். ஹெடரில், அதாவது ஃபைலின் தொடக்கத்தில் உள்ள விவரக்குறிப்பில், இதே அச்சுகள் தலைகீழ் வரிசையில் எழுதியிருக்கும். பயப்பட வேண்டாம், நம்பை அச்சுகளை அப்படித்தான் எண்ணும். 112 என்பது அலைநீளப் புள்ளிகள்.

அடுத்தது பலரையும் தடுக்கி விழவைக்கும் இடம். எண்கள் 16 பிட் முழு எண்களாகச் சேமிக்கப்பட்டிருக்கின்றன. அந்த வகையில் 32767-க்கு மேல் எண் கிடையாது. அதைத் தாண்டிய ஒளிச்செறிவு சுற்றிக்கொண்டு கழித்தல் எண்ணாக வந்து நிற்கும். ஐ-யில் கழித்தல் எண்ணுக்குப் பொருளே இல்லை; ஒளி பூச்சியத்துக்குக் கீழே போகாது. ஆகவே ஐ-யில் மட்டும், கழித்தலாக இருக்கும் இடங்களில் 65536-ஐக் கூட்டுங்கள். கூட்டுவதற்கு முன் முழு அரேயையும் தசம எண் வகைக்கு மாற்றியாக வேண்டும். மாற்றாமல் கூட்டினால் கணக்கு சரியாக வராது. க்யூ, யூ, வி மூன்றிலும் கழித்தல் எண் இயல்பானது. அங்கே கை வைக்காதீர்கள்.

இதோடு தொடர்புள்ள இன்னொன்று: விண்கலத்தில் இடம் மிச்சம் பிடிக்கச் சில அளவுகளைப் பாதியாக்கிச் சேமித்திருப்பார்கள். ஹெடரில் எஸ்பி என்று தொடங்கும் பிட்-ஷிஃப்ட் சொல் ஒன்று இருக்கும். அதன் மதிப்பு 0 என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். வேறு எண் என்றால், எந்தெந்த ஸ்டோக்ஸ் அளவை 2-ஆல் பெருக்க வேண்டும் என்று தரவின் ஆவணத்தில் பார்த்துப் பெருக்குங்கள். இதைத் தவறவிட்டால் வி-க்கும் ஐ-க்கும் உள்ள விகிதம் இரட்டிப்பாகவோ பாதியாகவோ போய், காந்தப்புலமும் அதே அளவுக்குத் தவறும். வரைபடம் பார்க்க அழகாகவே இருக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம்கூட வராது.

அலைநீள அளவுகோல்

112 புள்ளிகளுக்கும் அலைநீளம் கொடுக்க வேண்டும். ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 21.5 மில்லி ஆங்ஸ்ட்ராம். இதை ஹெடரிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்களே ஒருமுறை சரிபாருங்கள். சூரியப்புள்ளி இல்லாத அமைதியான பகுதியின் ஐ-யைச் சராசரி எடுங்கள். சில நூறு பிக்சல்களைச் சேர்த்தால் வழவழப்பான ஒரு வளைகோடு வரும், இரண்டு பள்ளங்களுடன். ஒவ்வொரு பள்ளத்தின் அடியிலும் ஐந்தாறு புள்ளிகளுக்கு ஒரு பரவளையத்தைப் பொருத்தி, அடி எங்கே என்று பிக்சலின் பின்னம் வரை கண்டுபிடியுங்கள். இரண்டு கோடுகளின் ஆய்வக அலைநீளம் 6301.501-உம் 6302.494-உம். வித்தியாசம் 0.993 ஆங்ஸ்ட்ராம். அதை 0.0215-ஆல் வகுத்தால் 46 பிக்சல். உங்கள் பள்ளங்களுக்கு இடையிலும் 46 வந்தால் அளவுகோல் சரி. 40 அல்லது 50 வந்தால் எங்கோ தவறு, மேற்கொண்டு போகாதீர்கள்.

அமைதியான சூரியனில் இந்தக் கோடுகள் ஆய்வக இடத்தில் அப்படியே உட்காராது. மேலே எழும் வாயு பிரகாசமானது, கீழே இறங்குவது மங்கலானது; அதனால் சராசரிக் கோடு வினாடிக்குச் சில நூறு மீட்டர் அளவுக்கு நீலப் பக்கம் நகர்ந்திருக்கும். புதியவர்களுக்கு எளிய வழி, சூரியப்புள்ளியின் கருநிழலை, அதாவது நடுவில் உள்ள மிக இருண்ட பகுதியை, ஓய்வு நிலையாக எடுத்துக்கொள்வது. அங்கே காந்தப்புலம் வாயுவின் கொதிப்பை அடக்கி வைத்திருக்கிறது.

ஒரே ஒரு பிக்சல்

இப்போது கருநிழலின் நடுவில் ஒரு பிக்சலைத் தேர்ந்து, நான்கு கட்டங்களில் ஐ, க்யூ, யூ, வி-யை அலைநீளத்துக்கு எதிராக வரையுங்கள். நான்கையும் அமைதியான பகுதியின் தொடர்நிறமாலைச் செறிவால், அதாவது கோடுகள் இல்லாத இடத்தின் சராசரியால் வகுத்துக்கொள்ளுங்கள். தொடர்நிறமாலைக்கு 6303-க்குப் பக்கத்தில் உள்ள சில புள்ளிகள் வசதியானவை.

புராஜெக்ட் செய்த தம்பி ஒருவன் இந்த இடத்தில் போன் செய்தான். "அண்ணே, 6302-இல் இருக்க வேண்டிய கோடு ரெண்டா பிரிஞ்சு நிக்குது. ஃபைல் கெட்டுப்போச்சா?" என்றான். கெடவில்லை. அவன் பார்த்தது ஹேல் பார்த்த அதே கோட்டுப் பிளவு. தளவிளைவைப் பார்க்காமல், வெறும் ஐ-யிலேயே கோடு அகலமாகப் பிளந்து தெரியும் அளவுக்கு அங்கே புலம் வலுவாக இருக்கிறது.

அந்தப் பிளவை அப்படியே எண்ணாக்கிவிடலாம். சீமன் நகர்வுக்கான சூத்திரம்: 4.67-ஐ 10-இன் அடுக்கு −13-ஆல் பெருக்கி, அதைக் கோட்டின் லாண்டே எண் (காந்தப்புலத்தில் அந்தக் கோடு எவ்வளவு பிளவுபடும் என்பதைக் குறிப்பது), அலைநீளத்தின் வர்க்கம், காந்தப்புலம் மூன்றாலும் பெருக்குங்கள். அலைநீளம் ஆங்ஸ்ட்ராமில், புலம் காஸில். 6302.5 கோட்டின் லாண்டே எண் 2.5. கணக்குப் போட்டால் 1 காஸுக்கு 0.0464 மில்லி ஆங்ஸ்ட்ராம் வரும். அதாவது ஒரு பிக்சல் நகர்வு என்றால் சுமார் 464 காஸ். வி-யின் மேட்டு உச்சிக்கும் பள்ளத்தின் அடிக்கும் இடையில் 11 பிக்சல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 236.5 மில்லி ஆங்ஸ்ட்ராம். நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்குப் பாதி, 118. புலம் சுமார் 2550 காஸ். மதுரையில் பூமியின் காந்தப்புலம் 0.4 காஸ் அளவில்தான். ஆறாயிரம் மடங்குக்கு மேல்! கால்குலேட்டரிலேயே போட்டுவிடக்கூடிய இந்த அளவீட்டை முதலில் கையால் செய்து பாருங்கள். பிறகு எந்த மென்பொருள் 800 காஸ் என்றோ 6000 காஸ் என்றோ அதே பிக்சலுக்குச் சொன்னாலும் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

உச்சிகளின் இடைவெளியை வைத்து அளப்பது, கோடு முழுமையாகப் பிளந்திருக்கும் கருநிழலில் மட்டுமே சரிவரும். புலம் குறைந்த இடங்களில் உச்சிகளின் தூரத்தைக் கோட்டின் இயல்பான அகலமே தீர்மானித்துவிடும். புலம் குறைந்தாலும் தூரம் குறையாது, உயரம்தான் குறையும். அங்கே ஈர்ப்புமைய முறையைப் பயன்படுத்துங்கள். ஐ-யுடன் வி-யைக் கூட்டி ஒரு வளைகோடு, ஐ-யிலிருந்து வி-யைக் கழித்து இன்னொன்று. தொடர்நிறமாலையிலிருந்து ஒவ்வொன்றின் பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதை எடையாக வைத்து, அதன் சராசரி அலைநீளத்தைக் காணுங்கள். இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தில் பாதியை 0.0464 மில்லி ஆங்ஸ்ட்ராமால் வகுத்தால், பார்வைத் திசையில் உள்ள புலம் காஸில் வரும். பத்து வரி நிரல்கூட ஆகாது. 1979-இல் ரீஸ், செமெல் இருவரும் எழுதிய இந்த முறை இன்றும் நன்றாக வேலை செய்கிறது.

அதையே 6301.5 கோட்டுக்கும் செய்யுங்கள். அதன் லாண்டே எண் 1.67; 1 காஸுக்கு 0.031 மில்லி ஆங்ஸ்ட்ராம். இரண்டு கோடுகளும் ஏறத்தாழ ஒரே விடையைத் தர வேண்டும். தராத பிக்சல்களைக் குறித்து வையுங்கள். பெரும்பாலும் அவை இரண்டு துருவங்களும் உரசிக்கொள்ளும் எல்லையில் இருக்கும். அங்கே வி-யின் வடிவத்தைத் திறந்து பார்த்தால் ஒரு மேடு, ஒரு பள்ளம் என்று இல்லாமல் மூன்று மடல்கள் இருக்கலாம். ஒரே பிக்சலுக்குள் இரண்டு துருவமும், வெவ்வேறு வேகத்தில் ஓடும் வாயுவும் கலந்திருப்பதன் அடையாளம் அது. சுவாரசியமான இயற்பியல் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

எவர்ஷெட்டின் அளவீட்டை நீங்களும் செய்யுங்கள்

மதுரைக்காரர்கள் இந்தப் படியைத் தவிர்க்கக் கூடாது. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி வத்தலக்குண்டு வழியாக மலையேறினால் வரும் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், 1909 ஜனவரியில் வானியலாளர் ஜான் எவர்ஷெட் ஒரு நிறமாலைப் புகைப்படத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூரியப்புள்ளியின் புறநிழலில், அதாவது கருநிழலைச் சுற்றியுள்ள மங்கலான வளையத்தில், கோடுகள் சாய்ந்திருப்பதைக் கவனித்தார். வாயு புள்ளியின் மையத்திலிருந்து வெளிப்பக்கமாக, கிடையாக, வினாடிக்கு 2 கிலோமீட்டர் அளவில் ஓடுகிறது என்று கண்டறிந்தார். உலகம் முழுக்க எவர்ஷெட் விளைவு என்றே பெயர்.

உங்கள் தரவில் அது இருக்கிறது. ஒவ்வொரு பிக்சலிலும் ஐ-யின் ஈர்ப்புமையத்தைக் கண்டு, ஓய்வு அலைநீளத்தைக் கழித்து, ஓய்வு அலைநீளத்தால் வகுத்து, ஒளியின் வேகத்தால் பெருக்குங்கள். ஒரு பிக்சல் நகர்வு கிட்டத்தட்ட வினாடிக்கு 1 கிலோமீட்டர். இதை எல்லா ஃபைல்களுக்கும் ஓட்டி, ஒவ்வொரு ஃபைலையும் ஒரு நெடுக்கையாக அடுக்கினால் திசைவேக வரைபடம் கிடைக்கும். நீலத்தையும் சிவப்பையும் கொண்ட வண்ணத்தட்டு ஒன்றைத் தேர்ந்து, பூச்சியம் வெள்ளையாக வரும்படி எல்லைகளைச் சமமாக வையுங்கள்.

புறநிழலில் சூரிய வட்டின் மையத்தைப் பார்த்த பக்கம் நீலமாகவும், விளிம்பைப் பார்த்த பக்கம் சிவப்பாகவும் வர வேண்டும். ஏஆர் 10930 டிசம்பர் 13-இல் மையத்தைத் தாண்டி மேற்கே போயிருந்தது. ஆகவே மேற்குப் பக்கம் சிவப்பு. உங்களுக்குத் தலைகீழாக வந்தால், ஃபைல்களை எதிர் வரிசையில் அடுக்கியிருக்கிறீர்கள் அல்லது அலைநீள அச்சின் திசையை மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள். ஹெடரில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கிழக்கு-மேற்கு ஆயத்தொலைவு இருக்கும். அதை வைத்து வரிசையைச் சரிசெய்யுங்கள். 1909-இல் கொடைக்கானல் மலையில் தட்டின் மேல் பார்த்ததை இன்று நீங்கள் லேப்டாப்பில் பார்க்கிறீர்கள். எனக்கு இது ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்க்க வைக்கும் படம்.

இரைச்சல், அப்புறம் க்யூ, யூ

தொடர்நிறமாலைப் பகுதியில் தளவிளைவு இருக்கக் கூடாது. ஆகவே அங்கே க்யூ, யூ, வி-யின் திட்ட விலக்கம் என்ன வருகிறதோ அதுவே உங்கள் இரைச்சல். ஹினோடேயின் வழக்கமான வருடலில் இது தொடர்நிறமாலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. இதற்கு மூன்று மடங்குக்குக் கீழே உள்ள எந்தக் குறிகையையும் குறிகை என்று சொல்லாதீர்கள்.

வி-க்கு இது பெரிய தடையில்லை. க்யூவும் யூவும் அப்படியில்லை. புலம் வலுவற்ற இடத்தில் வி புலத்துக்கு நேர்விகிதத்தில் வளரும். க்யூவும் யூவும் புலத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். அதனால் புறநிழலில் கொழிக்கும் க்யூ, அமைதியான பகுதியில் இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். க்யூவின் வர்க்கத்தையும் யூவின் வர்க்கத்தையும் கூட்டி மூலம் எடுத்தால் நேர்கோட்டுத் தளவிளைவின் அளவு வரும். வெறும் இரைச்சலைக் கொடுத்தாலும் இந்த மூலம் பூச்சியமாகாது, கூட்டல் எண்ணாகவே வரும். அமைதியான பகுதியில் எங்கு பார்த்தாலும் கிடைப்புலம் இருக்கிறது என்று வரைபடம் சொன்னால், இரைச்சல் எல்லையைப் போட்டு மறைத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

இப்போது இன்வெர்ஷன்

மில்ன்-எடிங்டன் மாதிரியில் தொடங்குங்கள். கோடு உருவாகும் அடுக்கு முழுவதும் காந்தப்புலமும் வேகமும் மாறாமல் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு, புல வலிமை, சாய்வு, திசைக்கோணம், வேகம், கோட்டின் அகலம், வலிமை போன்ற பத்துப் பக்கம் எண்களைத் திருகித் திருகி, கணித்த நான்கு வளைகோடுகளும் அளந்தவற்றோடு பொருந்தும் வரை தேடும். நிலை 2 தரவை உருவாக்கிய மெர்லின் என்ற மென்பொருளும் இந்த வகைதான். உயரத்தோடு புலம் எப்படி மாறுகிறது என்று பார்க்க 1992-இல் வெளிவந்த சிர் என்ற மென்பொருள் இருக்கிறது. ஹீலியத்தின் 10830 கோட்டுக்கு ஹேசல். அவை அடுத்த வருடத்துக்கு.

ஆயிரம் ஃபைல், ஒவ்வொன்றிலும் 512 பிக்சல் என்றால் ஐந்து லட்சம் பொருத்தங்கள். லேப்டாப்பில் நேரே அதை ஓட்டாதீர்கள். கருநிழலில் ஒன்று, புறநிழலில் ஒன்று, அமைதியான பகுதியில் ஒன்று என்று தனித்தனிப் பிக்சல்களுக்கு ஓட்டி, கணித்த கோட்டை அளந்த கோட்டின் மேல் வரைந்து பாருங்கள். கருநிழலில் நீங்கள் கையால் கண்ட எண்ணுக்குப் பக்கத்தில் வருகிறதா? தொடக்க மதிப்பை மாற்றினாலும் அதே விடை வருகிறதா? வந்தால் 50-க்கு 50 பிக்சல் துண்டு ஒன்று, அப்புறம் முழுப் படம்.

விடைகளில் இரண்டு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். அமைதியான பகுதியில், பிக்சலை முழுக்க நிரப்பிய வலுவற்ற புலமும், சிறு பகுதியை மட்டும் நிரப்பிய வலுவான புலமும் ஏறத்தாழ ஒரே வி-யைத் தரும். மென்பொருள் இரண்டில் ஒன்றைச் சொல்லும். நீங்கள் இரண்டின் பெருக்குத்தொகையை மட்டும் நம்புங்கள். அடுத்தது திசைக்கோணம். புலத்தைக் குறுக்குத் தளத்தில் 180 பாகை திருப்பினாலும் க்யூவும் யூவும் துளியும் மாறாது. எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் இந்த இரட்டை விடை போகாது. இரண்டில் எது என்று தீர்மானிக்கத் தனி நிரல்கள் உள்ளன. உங்கள் புராஜெக்டில் அதைச் செய்யவில்லை என்றால், அம்புக்குறி போடாமல் முனையில்லாத சிறு கோடுகளாக வரையுங்கள்.

இதற்குப் பிறகு நிலை 2 ஃபோல்டரைத் திறந்து, உங்கள் வரைபடத்தையும் அவர்களுடையதையும் பிக்சலுக்குப் பிக்சல் ஒரு புள்ளி வரைபடமாகப் போடுங்கள். 45 பாகைக் கோட்டை விட்டு விலகும் கூட்டங்கள் எந்தப் பகுதியிலிருந்து வருகின்றன என்று திரும்பிப் போய் அந்தப் பிக்சல்களின் கோடுகளைப் பாருங்கள். உங்கள் அறிக்கையின் சிறந்த பக்கங்கள் இங்கிருந்துதான் வரும்.

தரையிலிருந்து எடுத்த தரவு என்றால்

கொடைக்கானலில் 1960 வாக்கில் அமைந்த கோபுரத் தொலைநோக்கி இன்னும் வேலை செய்கிறது. 60 செண்டிமீட்டர் கண்ணாடிகள் சூரியனைப் பின்தொடர்ந்து ஒளியைக் கீழே இறக்க, நிலத்தடிச் சுரங்கத்தின் மறுமுனையில் 34 செண்டிமீட்டர் அகலச் சூரியப் படிமம் விழும். ஹைட்ரஜன் ஆல்ஃபா, கால்சியம் 8542 கோடுகளில் அங்கே தளவிளைவு அளவீடு செய்கிறார்கள். கோடைப் பயிற்சியில் அப்படிப்பட்ட தரவு உங்கள் கைக்கு வந்தால், மேலே சொன்னவற்றோடு கூடுதல் வேலை ஒன்று உண்டு. சாய்ந்து நிற்கும் கண்ணாடிகள் தாமே ஒளியைத் தளவிளைவு செய்யும். சூரியன் நகர நகர அந்தச் சாய்வும் மாறும். அதனால் காலையில் பொருந்திய திருத்தம் மதியத்துக்குப் பொருந்தாது. தொடர்நிறமாலையில் க்யூ, யூ, வி பூச்சியமாக இல்லையென்றால் ஐ அவற்றுக்குள் கசிகிறது என்று பொருள். அந்த அளவை ஐ-யால் பெருக்கிக் கழியுங்கள். வி-யின் வடிவம் க்யூவில் தலைகாட்டினால் அதற்கும் இதேபோல் ஒரு திருத்தம் செய்ய வேண்டும்.

தரைத் தரவில் ஒரு நன்மையும் இருக்கிறது. யாராவது தரையிலிருந்து 6302 பகுதியை எடுத்திருந்தால், 6302.0-இலும் 6302.76-இலும் இரண்டு ஒல்லியான கோடுகள் கூடுதலாகத் தெரியும். அவை நம் காற்றில் உள்ள ஆக்சிஜனின் கோடுகள். சூரியப்புள்ளியின் மேலும் பிளவுபடாது, வி-யில் தெரியவே தெரியாது, சூரிய வாயுவின் வேகத்துக்கும் நகராது. அவற்றின் நடுவிடத்தைப் பரவளையம் பொருத்திக் கண்டு, அலைநீள அளவுகோலை அவற்றின் மேலேயே கட்டுங்கள்.